சோக் இழுத்த காலம்

தை மாதம் பிறந்தால் கனடாவில் கார் திருத்துகிறவனுக்கு ஒரு முறைப்பாடு நிச்சயம். "அண்ணை, கார் பெற்றோல் குடிச்சுத் தள்ளுது. எங்கையோ ஒழுகுது போல. ஒருக்கால் பாருங்கோ." ஸ்காபரோவில் என் கராஜுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் எங்கட ஆட்கள். மற்றப் பாதி உலகத்தின் வெயில் நாடுகள் எல்லாவற்றிலுமிருந்து வந்தவர்கள். முறைப்பாடு மட்டும் ஒன்றுதான். காரை உயர்த்திப் பார்ப்பேன். தாங்கி சரி, குழாய்கள் சரி, பிளக் சரி, பிரேக்கும் இறுகிப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. "கார் நல்லாத்தான் இருக்கு தம்பி. குளிருக்கு அப்பிடித்தான் குடிக்கும்" என்று சொன்னால் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும். பிழை பிடிக்கத் தெரியாமல் மழுப்புகிறேன் என்று நினைப்பு.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத செலவை யார் நம்புவார்? ஆனால் என்னிடம் வருகிற எழுபது தாண்டிய கனேடியக் கிழவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அவர்கள் ஓட்டப் பழகிய கார்கள் பலவற்றில் ஸ்ரேறிங்குக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் இருந்தது. காலையில் அதை வெளியே இழுத்தால் பெற்றோல் கூடப் போகிறது என்று இழுத்த கைக்கே தெரியும். குளிர் கேட்ட கூலியை மனிதன் முதலில் தன் உடம்பால் கொடுத்தான். பிறகு அந்தக் குமிழை இழுத்து, அறிந்து கொடுத்தான். இப்போது அறியாமலே கொடுக்கிறான். கூலி ஒருநாளும் நிற்கவில்லை.

பெற்றோலின் குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திரவமாகக் கிடக்கும் பெற்றோல் எரியாது. அதன் ஆவிதான் எரியும். சூடான எஞ்சினில் 1 கிலோ பெற்றோலுக்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று என்ற கணக்கில் கலந்தால் இரண்டும் மிச்சமின்றி எரிந்து முடியும். குளிர்ந்த எஞ்சினில் அந்தக் கணக்குச் சரிவராது. உள்ளே போகிற பெற்றோலில் இலேசான பகுதி மட்டும் ஆவியாகும். மற்றது குழாய்ச் சுவரிலும் சிலிண்டர் சுவரிலும் ஈரமாய் ஒட்டிக்கொள்ளும். எரிவதற்குப் போதிய ஆவி வேண்டுமென்றால் தேவைக்கு மேலே ஊற்றத்தான் வேண்டும். அப்படி ஊற்றியதில் ஒரு பங்கு எரியாமல் புகைக்குழாயால் போகும்; ஒரு பங்கு சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலோடு சேரும். குளிர்காலத்தில் சின்னச் சின்னத் தூரம் மட்டும் ஓடிய காரின் ஒயிலை எடுத்து மணந்து பாருங்கள், பெற்றோல் மணக்கும்.

யாழ்ப்பாணத்தாருக்கு இதை நான் படிப்பிக்கத் தேவையில்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது குடாநாடே மண்ணெண்ணெயில் ஓடியது. அப்போது நான் ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு கராஜில் வேலை பழகிக்கொண்டிருந்த பெடியன். ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் என்று ஊரில் ஓடிய கார்கள் எல்லாம் பழசு. அந்த எஞ்சின்கள் காற்றை அதிகம் அமுக்குவதில்லை; அதனால்தான் மண்ணெண்ணெயையும் சகித்துக்கொண்டன. ஆனால் ஆறிய எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். காபரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு விடவேண்டும். போன இடத்தில் கதைத்துக்கொண்டு நின்று எஞ்சினை ஆறவிட்டால் மறுபடியும் போத்தல். அதனால் பலர் எஞ்சினை நிறுத்தாமலே கதைத்துவிட்டு வருவார்கள். தெருவெல்லாம் வெள்ளைப் புகை. மைனஸ் 25 பாகையில் இங்கே பெற்றோல் நடந்துகொள்வது, அன்று அங்கே மண்ணெண்ணெய் நடந்துகொண்டதுபோலத்தான். என் கராஜில் ஐம்பது வயது தாண்டிய எங்கட ஆட்களிடம் இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். அவர்களின் பிள்ளைகளுக்குத்தான் வேறு விதமாக விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது.

போத்தல் வித்தை ஊரில் பிறந்ததும் அல்ல. 1917இல் ஹென்றி ஃபோர்ட் விற்கத் தொடங்கிய ஃபோர்ட்சன் உழவு இயந்திரமே பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி, புகைக்குழாயின் சூடு ஏறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுவதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த சாம்பல் நிறப் பெர்குசனிலும் அப்படி இரண்டு எரிபொருளில் ஓடுகிற வகை இருந்தது.

இனி இந்த நாட்டுக்கு வருவோம். கார் வந்த புதிதில் வட அமெரிக்காவின் பனிப் பிரதேசங்களில் குளிர்காலப் பெற்றோல் செலவு என்றொரு பிரச்சினையே இருக்கவில்லை. குளிர்காலத்தில் பலர் கார் ஓட்டவே இல்லை! தண்ணீரை வடித்து, பற்றறியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, ரயரில் பாரம் இறங்காமல் காரைக் கட்டைகளில் ஏற்றிக் கொட்டிலுக்குள் விட்டுவிடுவார்கள். பனி கரையும்வரை குதிரையும் சறுக்கு வண்டியும்தான். கிராமப் பாதைகளில் விழுந்த பனியை அள்ளுவதுமில்லை. சறுக்கு வண்டி வழுக்கிப் போக வசதியாகப் பெரிய மர உருளையால் அழுத்திவிடுவார்கள். அந்தப் பாதையில் கார் போகாது. பெரும்பாலான கார்களுக்கும் அப்போது பக்கச் சுவரில்லை, பக்கக் கண்ணாடியில்லை, மேலே மடக்கிற கன்வஸ் கூரை மட்டும்.

அப்படியும் ஓடியே ஆகவேண்டியவர்கள் இருந்தார்கள். ஃபோர்ட் மொடல் டீ, 1908 முதல் 1927 வரை வந்த கார், அவர்களைப் படுத்திய பாடு பெரிது. இரவு வீட்டுக்கு வந்ததும் றேடியேற்றர்த் தண்ணீரை வடிக்கவேண்டும், இல்லையென்றால் உறைந்து எஞ்சின் வெடித்துவிடும். காலையில் கேத்தலில் கொதிநீர் கொண்டுவந்து ஊற்றவேண்டும். பிறகு முன்னால் குனிந்து இரும்புக் கைபிடியைச் சுழற்றவேண்டும். இதில் ஒரு பொல்லாத விஷயம் உண்டு. அந்தக் காரில் எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஒயில். குளிரில் அது தடித்து, கிளச் தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். கைபிடியைச் சுழற்றுகிறவன் எஞ்சினை மட்டுமல்ல, முழுக் காரையுமே நகர்த்தப் பார்க்கிறான். தப்பித்தவறி எஞ்சின் பிடித்துவிட்டால் கார் அவன்மேலேயே ஏறி வரும். அதனால் பின்சில்லு ஒன்றை ஜக்கில் உயர்த்தி, அது அந்தரத்தில் சும்மா சுழலும்படி வைத்துவிட்டுத்தான் ஸ்ரார்ட் பண்ணுவார்கள். ஜக், கேத்தல், கைபிடி. வைத்தியர் ஒருவர் நோயாளியிடம் போய்ச் சேருமுன் இவ்வளவு வேலை.

வடக்கே காட்டுப் பிரதேசங்களுக்குப் பறந்த கனேடிய விமானிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாலையில் இறங்கியதும் எஞ்சின் ஒயில் முழுவதையும் சூடு ஆறுமுன் வாளியில் வடித்துக் குடிசைக்குள் கொண்டுபோவார்கள். காலையில் அடுப்பில் வைத்துச் சூடாக்கி, எஞ்சினைக் கன்வஸால் மூடி, உள்ளே ஊது அடுப்பு எரித்து, பிறகு ஒயிலை ஊற்றிக் கிளப்புவார்கள். கன்வஸுக்குள் நெருப்போடு குந்தியிருப்பது என்ன வேலை என்று நினைத்தாலே எனக்கு வியர்க்கும். ஆனால் கணக்குத் துப்புரவான கணக்கு: எஞ்சினைச் சூடாக்க எரித்தது எவ்வளவு, பறக்க எரித்தது எவ்வளவு என்று இரண்டும் வேறு வேறாகக் கண்முன்னே கிடக்கும்.

1912இல் கடிலாக் காரில் சார்ள்ஸ் கெற்றறிங்கின் மின் ஸ்ரார்ட்டர் வந்தது. கையில் இருந்த வேலை பற்றறிக்குப் போனது. பற்றறிக்கும் குளிர் பகைதான். மைனஸ் 18 பாகையில் அதன் வலு பாதிக்கும் கீழே இறங்கிவிடும், அதேநேரம் தடித்த ஒயிலுக்குள் எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் வலு வேண்டும். ஸ்ரார்ட்டரைப் பற்றி எல்லோரும் பெரிதாக எழுதுகிறார்கள். குளிர்காலத்தைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய திருப்பம் மூடிய கார் என்பது என் கட்சி. 1919இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் மூடியவை பத்தில் ஒன்று. 1927இல் நூற்றுக்கு 85. எட்டு வருடத்தில் இந்த மாற்றம். தலைக்கு மேல் கூரையும் பக்கத்தில் கண்ணாடியும் வந்த பிறகு காரை நாலு மாதம் கொட்டிலில் வைத்திருக்க யாருக்கு மனம் வரும்? பாதையில் பனி அள்ளச் சொல்லி மாநகரசபைகளை நெருக்கினார்கள். அதே 1927இல் பிறெஸ்ரோன் என்ற பெயரில் எதிலீன் கிளைக்கோல் கடைக்கு வந்தது. இரவில் தண்ணீர் வடிக்கும் வேலை போனது. 1930களில் எஞ்சின் தண்ணீரின் சூட்டையே உள்ளே இழுத்து ஆளைச் சூடாக்கும் ஹீற்றர் பரவியது. 1938இல் நாஷ் கார்க்காரர் வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி உள்ளே விடும் ஏற்பாட்டை விற்றார்கள். இன்றைய கார் ஹீற்றர்களின் மூதாதை அது. ஏறக்குறைய இருபத்தைந்து வருடத்துக்குள் உடம்பு பட்ட பாடு முழுவதும் எஞ்சினின் தலையில் ஏறியது. எஞ்சின் அதைப் பெற்றோல் தாங்கியில் பற்று எழுதியது.

இந்தப் பற்று எழுதுகிற கருவிதான் சோக். காபரேற்றரின் வாயில் ஒரு சின்னத் தகடு. குமிழை இழுத்தால் தகடு மூடி, காற்றின் வழி குறுகும். உறிஞ்சல் கூடி பெற்றோல் அதிகமாக வரும். எஞ்சின் சூடேற ஏறக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளவேண்டும். தள்ள மறந்தவனின் காரைப் பின்னால் வருகிற கறுப்புப் புகை காட்டிக் கொடுக்கும். ஊரில் வெயிலுக்குள்ளேகூட விடியற்காலையில் ஏ40க்குச் சோக் இழுத்திருக்கிறேன். ஒரு நிமிடம் போதும். இங்கே அது பத்து நிமிட வேலை. சிக்கனக்காரர் எவ்வளவு கெதியாகத் தள்ளலாம் என்று காதை எஞ்சினில் வைத்துப் பழகினார்கள். எஞ்சின் இடறினால் அரைவிரல் இழுப்பு, பிறகு தள்ளு.

1930களிலேயே அமெரிக்கக் கார்களில் தானியங்கிச் சோக் வரத் தொடங்கியது. இரண்டு வகை உலோகத்தை ஒட்டிச் செய்த சுருள் ஒன்று சூட்டுக்கு விரிந்து தகட்டைத் திறக்கும். நினைப்பு நல்லது. நடந்தது என்னவென்றால் குளிரில் தகடு மூடிய நிலையில் சிக்கிக்கொண்டு எஞ்சின் பெற்றோலில் மூழ்கிவிடும். அந்தக் காலத்துக் கனேடியர் பலரின் காரில் ஒரு பென்சிலோ திருப்புளியோ கட்டாயம் கிடக்கும். பொனற்றைத் திறந்து, தகட்டுக்கு இடையில் அதைச் செருகித் திறந்துவைத்துவிட்டுத்தான் ஸ்ரார்ட் பண்ணுவார்கள். இருந்தாலும் ஓட்டுகிறவனின் கை குமிழிலிருந்து விலகத் தொடங்கியது அப்போதுதான்.

முழுதாக மறைத்தது ஃபுவல் இஞ்செக்‌ஷன். பொஷ் நிறுவனத்தின் மின்னணு முறை 1960களின் கடைசியில் வோக்ஸ்வேகனில் வந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக் காரில் காபரேற்றர் என்பதே இங்கே இல்லாமல் போனது. இப்போது எஞ்சின் தண்ணீரில் ஒரு வெப்ப உணரி நிற்கிறது. மைனஸ் 15 என்று அது சொன்னால் கணினி இஞ்செக்ரரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். பெற்றோல் கூடிவிட்டதா, குறைந்ததா என்று புகையை மணந்து சொல்ல ஒட்சிசன் உணரி ஒன்றும் இருக்கிறது. ஆனால் அது 300 பாகை அளவுக்குச் சூடேறினால்தான் வாய் திறக்கும். அதுவரைக்கும் கணினி எழுதி வைத்த அட்டவணைப்படி தாராளமாக ஊற்றுகிறது. கறுப்புப் புகை இல்லை, இடறல் இல்லை, குமிழ் இல்லை. சாவியைத் திருப்பினால் சரி. எஞ்சின் கட்டிய பொறியியலாளருக்கு இது பெரிய வெற்றி. எனக்குத் தை மாத முறைப்பாடு.

வேறு காரணங்களும் உண்டு, நீட்டாமல் சொல்கிறேன். ஒயில் தடிக்கும், கியர் ஒயிலும் பெயரிங் கிறீசும் அப்படியே. 5டபிள்யூ-30 போன்ற ஒயில்களால் பழைய கொடுமை குறைந்திருக்கிறது, தீரவில்லை. வெப்பம் ஏறக்குறைய 6 பாகை இறங்கினால் ரயரில் சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் காற்றழுத்தம் இறங்கும். மைனஸ் 10இல் உள்ள காற்று 30 பாகையில் உள்ள காற்றைவிட ஏறக்குறைய 15 சதவீதம் கனம். நெடுஞ்சாலையில் அதைக் கிழித்துக்கொண்டு ஓடவேண்டும். பெற்றோலும் மாறுகிறது. கடுங்குளிரிலும் ஆவியாகட்டும் என்று சுத்திகரிப்பு ஆலைகள் குளிர்காலத்துப் பெற்றோலில் பியூற்றேன் கூடச் சேர்க்கின்றன. ஸ்ரார்ட் சுகம், ஆனால் லீற்றருக்குக் கிடைக்கும் சக்தி ஒரு துளி குறைவு.

குளிரோடு நேரே மோதிப் பார்த்தவர் அன்ட்றூ ஃப்றீமன் என்பவர். வட டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் மின்சாரக் கூட்டுறவு ஒன்றை நடத்தியவர். கழித்துப்போட்ட செப்புக் குழாயையும் பழைய துணி மினுக்கியின் சூடேற்றும் கம்பியையும் வைத்து, எஞ்சின் தலையின் போல்ற் ஒன்றுக்குப் பதிலாகப் பூட்டக்கூடிய சின்ன ஹீற்றர் ஒன்றைச் செய்தார். 1949இல் காப்புரிமை கிடைத்தது. இரவில் சுவரிலிருந்து வயர் இழுத்துக் காரில் சொருகினால் காலையில் எஞ்சின் உறைந்திருக்காது. அந்தக் காட்டு விமானிகள் ஊது அடுப்பால் செய்ததை இவர் மின்சாரத்தால் செய்தார். மின்சாரம் விற்கிறவர் மூளையில் இது உதித்ததில் ஆச்சரியமில்லை! வின்னிபெக், சஸ்கற்றூன், எட்மன்ரன் பக்கம் இன்றைக்கும் கார் முகப்பில் பிளக் தொங்கும். பல தரிப்பிடங்களில் ஒவ்வொரு காருக்கும் நேரே மின்சொருகி இருக்கும். ரொறன்ரோவில் குளிர் அவ்வளவு இல்லை என்று நாங்கள் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் இங்கேயும் அது காசுக்குப் பெறுமதிதான். இரவு முழுவதும் சொருகத் தேவையில்லை. ரைமர் வைத்து, புறப்பட இரண்டு மணித்தியாலத்துக்கு முன் ஓடவிட்டால் போதும்.

அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்குப்படி 25 பாகையில் ஓடுவதைவிட மைனஸ் 7இல் நகருக்குள் ஓடுகிற பெற்றோல் கார் லீற்றருக்கு 15 சதவீதம் அளவு குறைவாக ஓடும். ஐந்தாறு கிலோமீற்றர் மட்டும் ஓடி நிறுத்துகிற காரென்றால் குறைவு 24 சதவீதம்வரை போகும். எங்கட வாழ்க்கையே இந்த ஐந்தாறு கிலோமீற்றர்தான். பிள்ளையைத் தமிழ் வகுப்பில் இறக்கி, கோப்பிக் கடை, மரக்கறிக் கடை, கோயில், பிறகு திரும்பப் பிள்ளை. ஒவ்வொரு இடத்திலும் எஞ்சின் ஆறுகிறது, ஒவ்வொரு முறையும் கணினி சோக்கை இழுக்கிறது. ஐந்து வேலையையும் ஒரே ஓட்டத்தில் முடித்தால் மிச்சம் என்று சொன்னால், "அதெல்லாம் சரிவராதண்ணை" என்பார்கள்.

அதைவிடக் கொடுமை ரிமோட் ஸ்ரார்ட்டர். வீட்டுக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு பதினைந்து நிமிடம் காரை ஓடவிடுகிறார்கள். கார் ஓரங்குலம் நகரவில்லை, ஆனால் பெற்றோல் எரிகிறது. காபரேற்றர் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. சூடேற்றாமல் எடுத்தால் சந்தியில் நின்றுவிடும். இஞ்செக்‌ஷன் காருக்கு அரை நிமிடம் ஒரு நிமிடம் போதும், பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடேற்றலாம். சும்மா நிற்கும் எஞ்சின் சூடேற எடுக்கும் நேரமும் அதிகம். ரொறன்ரோ மாநகரசபை 2010இல் சட்டத்தை இறுக்கி, மணித்தியாலத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் காரைச் சும்மா ஓடவிடக் கூடாது என்றது. அந்தச் சட்டத்தை என் தெருவில் யாரும் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை.

புதுக் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் எரிபொருள் கணக்கிலும் நெடுங்காலம் குளிருக்கு இடமிருக்கவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வந்த கணக்கு அது. சோதனை நடந்தது 20 பாகைக்கு மேல் இதமான அறையில். சொன்ன மைல் ஓடவில்லை என்று சனம் சத்தம்போட, 1985இல் அமெரிக்கர் நகருக்கு 10 சதவீதமும் நெடுஞ்சாலைக்கு 22 சதவீதமும் குருட்டுக் கணக்காகக் கழித்தார்கள். மைனஸ் 7 பாகைச் சோதனையைச் சேர்த்தது 2008 மொடல் கார்களில்தான். கனடா அதை எடுத்துக்கொண்டது 2015 மொடலில். வருடத்தில் நாலு ஐந்து மாதம் பனி கொட்டுகிற நாடு, கார் எவ்வளவு குடிக்கும் என்பதை அவ்வளவு காலமும் வெயில் அறைக்குள் வைத்து அளந்துகொண்டிருந்தது!

ஹைபிறிட் வந்தபோது டக்சிக்காரர் விழுந்தடித்து வாங்கினார்கள். கோடையில் மகிழ்ச்சி. குளிர்காலத்தில், அதே எரிசக்தித் திணைக்களக் கணக்கில், மூன்றில் ஒரு பங்குவரை குறைகிறது. ஆளைச் சூடாக்குவதற்காகவே எஞ்சின் ஓடவேண்டியிருக்கிறது, பற்றறியும் குளிரில் சோம்பும். இப்போது மின்சாரக் கார்களும் வருகின்றன. பெற்றோல் எஞ்சின் எரிக்கிற பெற்றோலின் பெரும்பங்கைச் சூடாக வீணாக்குகிறது. அந்த வீணில்தான் எண்பது தொண்ணூறு வருடமாக நாங்கள் குளிர் காய்ந்தோம். மின்சாரக் காரில் அந்த வீண் இல்லை. ஹீற்றருக்கும் பற்றறியிலிருந்தே கொடுக்கவேண்டும். கடுங்குளிரில் கூடச் செலவாகிற மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உள்ளே இருக்கிற ஆளைச் சூடாக்கவே போகிறது. ஹீற்றரைப் போட்டதும் திரையில் மிச்சக் கிலோமீற்றர் இலக்கம் கண்முன்னே இறங்கும்.

அப்படி ஒரு கார் வாங்கிய பழைய டக்சிக்காரர் ஒருவர் இப்போது ரயர் மாற்ற மட்டும் வருகிறார். பெற்றோல் கார் வைத்திருந்தபோது தை மாத முறைப்பாட்டில் முதல் ஆள் அவர். போனமுறை வந்தபோது தடித்த ஜக்கற், கையுறை, தொப்பி சகிதம் இறங்கினார். ஹீற்றர் பழுதோ என்று கேட்டேன்.

"பழுதில்லை. சீற் ஹீற்றர் மட்டும் போட்டுக்கொண்டு வாறன்," என்றார். "மற்ற ஹீற்றரைப் போட்டால் நாப்பது கிலோமீற்றர் குறையுதடாப்பா."